வந்திருந்தால் இங்கேதான் நின்றிருப்பார்

என் கடைக் கம்ப்யூட்டரின் திரையில் இரண்டு விரலை வைத்து அகட்டிப் பார்த்த ஒரே மனுஷி என் சித்திதான். தெரியாமல் ஒருமுறை செய்தால் விட்டுவிடலாம். வரும்போதெல்லாம் செய்வாள், அதுவும் மிக்சர் எண்ணெய் ஒட்டிய விரலோடு. படம் பெரிதாகவில்லை என்றதும், ஏதோ நான்தான் அதைக் கெடுத்து வைத்திருப்பவள் மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"இன்னாடி இது, தொட்டா ஒரு உணர்ச்சியும் இல்லாம கெடக்குது?"

"அது உன் டேப் மாதிரி தொடுற ஸ்கிரீன் இல்ல சித்தி. கம்ப்யூட்டர். மவுஸாலதான் பண்ணணும்."

"ஆளத் தொடாம ஆள எப்பிடி நவுத்துவ?"

நான் துணியை எடுத்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

நெய்வேலி மெயின் பஜாரில் எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், ஆல்பம், எது வந்தாலும் செய்வேன். மாதக் கடைசி வந்தால் மூச்சு விட முடியாது. அன்றைக்குத்தான் டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மாலை, மேளம், வேன், தெருமுனையில் பேனர். பேனர் இல்லாமல் இந்த ஊரில் யாரும் ரிட்டயர் ஆனதில்லை. இப்படி வேலைக்கு மேல் வேலை கிடக்கிற நாளாகப் பார்த்துத்தான் சித்தி டேப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வருவாள்.

சித்தி என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் பிளாக்கிலேயே இரண்டு தெரு தள்ளிக் குவார்ட்டர்ஸ். சித்தப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் செக்ஷன். ஒரே பையன் சென்னையில் வேலை பார்க்கிறான். அந்தப் புண்ணியவான்தான் அம்மா சீரியல் பார்க்கட்டும் என்று டேப் வாங்கிக் கொடுத்தது. அவள் சீரியலோடு நின்றிருந்தால் எங்கள் குடும்பத்தில் எத்தனையோ சண்டை நடந்தே இருக்காது.

சித்தி நிற்கவில்லை. போட்டோ ஒட்டுகிற ஏதோ ஒரு ஆப்பைக் கண்டுபிடித்தாள். விசேஷத்துக்கு வராதவர்களையெல்லாம் போட்டோவில் சேர்க்க ஆரம்பித்தாள்.

இந்த ஊரில் எந்த விசேஷத்துக்கும் எல்லோரும் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒருத்தருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஒருத்தருக்கு செகண்ட் ஷிப்ட். நைட் முடித்து வந்தவர் பந்தியில் உட்கார்ந்தே தூங்குவார். குடும்ப போட்டோ எடுத்தால் யாராவது ஒருவர் குறைவார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சித்தியால்தான் தாங்க முடியவில்லை. அதிகமாக வராமல் போனவர் சித்தப்பா என்பதால் முதலில் மாட்டியவரும் அவர்தான்.

என் நாத்தனார் வளைகாப்பில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே சித்தப்பா மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றார். சித்தியின் டேப்பில் அவர் தனியாக இருந்த படம் அது ஒன்றுதான். மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் வலது பக்கம். சித்தப்பாவுக்கு மட்டும் இடது பக்கம். அவர் தலையும் பக்கத்தில் நின்றவர்கள் தலையைவிட ஒன்றரை மடங்கு. என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, உங்க சித்தப்பா ஏன் பூசணிக்கா மாதிரி நிக்கிறாரு?" என்று கேட்டாள். சித்தப்பா தன் பங்குக்கு, "நான் அன்னிக்கு டியூட்டில இருந்தேம்மா, ஆபீஸ்ல யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க" என்று என்னிடம் புலம்பினார். மனைவியிடம் சொல்கிற தைரியம் அவருக்கு இருந்ததில்லை.

நான் கேட்டேன். "எதுக்கு சித்தி இந்த வேல? அவரு வரல. வரலன்னா வரலதான?"

"வந்திருந்தா இங்கதான நின்னிருப்பாரு?" என்றாள்.

"வந்திருந்தா."

"அதத்தான் நானும் சொல்றன்."

இப்படித்தான் எந்தப் பேச்சும் முடியும். அவள் சொன்னதையே நானும் சொன்னது போல ஆகிவிடும்.

அதை அவள் அவளோடு வைத்துக்கொண்டாலாவது தேவலாம். பிரிண்ட் போட வேண்டும், அதுவும் சுவர் அளவுக்கு. டேப்பில் கையகலம் இருக்கிற படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கினால் மூஞ்சியெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. கடைசியில் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று, "ஒரு கரண்டி மாவ வச்சிக்கிட்டு கல்லு முழுக்க தோச ஊத்தினா என்ன ஆவும் சித்தி? ஓட்ட ஓட்டயாத்தான வரும்?" என்றேன்.

"அதுக்குப் பேருதான் ரவா தோச," என்றாள். "யாரு வேணான்றாங்க?"

கலர் பஞ்சாயத்து இன்னொரு பக்கம். டேப்பில் படம் உள்ளிருந்து வெளிச்சம் அடித்துப் பளபளவென்று தெரியும். காகிதத்தில் மை அடித்தால் அந்தப் பளபளப்பு வராது. எந்தக் கொம்பன் அடித்தாலும் வராது. சித்தி பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த புள்ளைங்கள இப்பிடி இருட்டாக்கிட்டியே" என்பாள். நான் விளக்க ஆரம்பித்தால், "இவ்ளோ பெரிய பொட்டி வச்சிருக்க, ஒரு வெளிச்சம் போடத் தெரியல" என்று சொல்லிவிட்டு என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிப்பாள்.

நான் ஒரு தலையை வெட்டி எடுப்பதற்கு முடி முடியாகப் போவேன். பின்னணியைத் தனியாக, ஆளைத் தனியாக, நிழலைத் தனியாக வைப்பேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேமிப்பேன், நாளைக்கு ஒருவர் வந்து மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டுமே. சித்தி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, ஒரு விரலால் தலையைச் சுற்றிக் கோலம் மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாள். வேலை முடிந்தது. பஸ்ஸில் செய்வாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து செய்வாள். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்தால் வேலை நின்றுபோகும். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அவள் பழைய படத்தின் மேலேயே புதுப் படத்தைச் சேமித்துவிடுவாள். அதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஒரிஜினல் எங்க சித்தி?"

"இதுதான்டி ஒரிஜினலு. முன்னாடி இருந்துது கொற."

ஆக, எங்கள் குடும்பத்தில் இப்போது இருக்கிற முக்கால்வாசிப் படங்கள் சித்தி செய்தவை. எந்த விசேஷத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்டால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. சித்தப்பா என் கல்யாணத்துக்கு வந்தாரா? படத்தில் இருக்கிறார். ஞாபகத்தில் இல்லை. யோசித்தால் ஒருமாதிரி இருக்கும்.

இத்தனை பேரைச் சேர்த்தவள் செத்தவர்களை மட்டும் தொட மாட்டாள். என் கடைக்கு அந்த வேலை நிறைய வரும். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், காலமான அப்பாவை நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள். செய்து கொடுப்பேன், பார்த்துவிட்டு அழுதுவிட்டுப் போவார்கள். ஒருநாள் அப்படி ஒருவர் வாங்கிக்கொண்டு போனபோது சித்தி கடையில் இருந்தாள். அவர் படி இறங்கும் வரை வாயைத் திறக்கவில்லை. இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"இன்னா வேலடி பண்ற நீ? போனவர இழுத்தாந்து நிக்க வக்கிற."

"நீ பண்றது மட்டும் என்னவாம்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல இருக்கிற எல்லாரையும் சேக்கற. எங்கம்மாவ மட்டும் ஒரு படத்துல கூட சேத்ததில்ல. கூடப்பொறந்த அக்காதான?"

அம்மா இறந்தபோது தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அம்மாவைப் பற்றிப் பேசினால் சித்தி உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தாவவில்லை.

"அக்கா வரமாட்டாடி. வரமுடியாதவங்கள சேத்தா அது பொய்யி. வரமுடிஞ்சவங்கள சேத்தா, அது ஒரு பத்திரிக வக்கிற மாதிரி."

சொல்லிவிட்டு டேப்பைத் துடைக்க ஆரம்பித்தாள், புடவைத் தலைப்பால். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் வடலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஷமீனா. நல்ல பெண். அவர்கள் வீட்டில் கொஞ்ச நாள் முறைத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் அப்பாவோ, "எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவன் பேரைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார். தம்பி இருப்பது பாண்டிச்சேரியில்தான். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வரக்கூடாது. நான் அவனோடு கடையிலிருந்துதான் பேசுவேன், வீட்டிலிருந்து பேச மாட்டேன். அப்பாவிடம் அவனுக்காக வாயைத் திறக்க எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. சித்தி வாயைத் திறக்கவில்லை, விரலை வைத்தாள்.

என் மகளுக்குக் காது குத்தியது அதற்குப் பிறகுதான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி என் தம்பியின் மடி. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நான் அவனைக் கூப்பிடவில்லை. சித்தியின் பையன் சென்னையிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவனும் எனக்குத் தம்பி முறைதானே. காது குத்தி முடிந்தது, பிள்ளை அழுதது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் குடும்ப குரூப்பில் படம் வந்தது. என் மகள் என் தம்பி மடியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. சித்தி தன் சொந்தப் பிள்ளையின் தலையை எடுத்துவிட்டு அங்கே தம்பியின் தலையை வைத்திருந்தாள். தொழில் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன், அது அவள் செய்ததிலேயே நல்ல வேலை. தலை சரியான அளவு. வெளிச்சம் கூட ஒரே பக்கம். பிள்ளையைப் பிடித்திருந்த கையில் மட்டும் அவள் பையனின் வாட்ச் இருந்தது. அவன் போனில், "அம்மா, நான் லீவு போட்டு வந்தேம்மா" என்று கத்தினான். "வந்த, சாப்புட்ட, போன. அந்த மடி அவனோடது. உன்னோடது இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

அப்பாவும் அந்தப் படத்தைப் பார்த்தார். என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டில் நின்றுகொண்டே பேசினார்.

"இன்னொரு தரம் அவன் மூஞ்சி என் கண்ணுல பட்டுச்சுன்னா, உன் வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன். சொல்லி வை அவகிட்ட."

அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. மகனையே விட்டவருக்கு மகளை விடுவது எத்தனை நேரம்? அம்மாவும் இல்லை. அப்பாவும் இல்லை என்றால் எனக்கென்று இருக்கிற பிறந்த வீடு எது? நான் நேராகச் சித்தி வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். "புள்ள எவ்ளோ அழகா உக்காந்துக்கினு இருக்குது பாத்தியா?" என்று டேப்பைக் காட்டினாள்.

என் மகளுக்கு இப்போது விவரம் தெரிகிற வயது. "எங்க மாமா மடியில உக்காந்துதான் குத்திக்கிட்டேன்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறாள். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரிஜினல்தான் இல்லையே.

அப்பா ரிட்டயர் ஆகும் மாதம் வந்தது. பேனரில் கீழ் வரிசையில் குடும்பத்தார் படங்களைப் போடுவதுதான் இங்கே வழக்கம். மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"என் போட்டோ மட்டும் போடு. வேற யாரும் வேணாம்."

ஏன் என்று எனக்குத் தெரியும். வரிசை போட்டால் ஒரு இடம் காலியாக இருக்கும். பார்க்கிறவன் கேட்பான். நான் அப்பாவை மட்டும் வைத்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சுத்தமாக ஒரு பேனர் செய்தேன். சித்தியிடமும் போனேன்.

"அப்பா விஷயத்துல மட்டும் கை வக்காத சித்தி. சத்தியம் பண்ணு."

தலையை ஆட்டினாள். வாயால் சத்தியம் பண்ணவில்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அப்பா ரிட்டயர் ஆகும் நாள் மத்தியானம் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்புகிறேன். அப்பாவின் தெரு முனையில் நான் கட்டச் சொன்ன பேனர் இருக்கிறது. அதற்கு எதிரே, அதைவிடப் பெரிதாக, வேப்பமரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவே இன்னொன்று. கீழே பிளாஸ்டிக் ஸ்டூலில் சித்தி உட்கார்ந்திருந்தாள், காவலுக்கு.

என்னிடம் வந்தால் நான் பிரிண்ட் போட்டுத் தர மாட்டேன் என்று தெரிந்து, குள்ளஞ்சாவடியில் அவள் பிறந்த வீட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் வைத்திருக்கும் பிரஸ்ஸில் கொடுத்து அடித்து வந்திருந்தாள். நடுவில் அப்பா. இடது பக்கம் நான், என் வீட்டுக்காரர், மகள், சித்தி குடும்பம். வலது பக்கம், அப்பாவின் தோளை ஒட்டி, தம்பி. அவன் பக்கத்தில் ஷமீனா. அவள் கையில், நாங்கள் யாரும் நேரில் பார்க்காத அவர்கள் குழந்தை.

சித்தி அவர்களோடு வீடியோ காலில் பேசும்போது டேப்பில் பிடித்த படம். அதைப் போய் அவ்வளவு பெரிதாக்கினால் என்ன ஆகும்? மூன்று பேர் முகமும் சதுரம் சதுரமாக இருந்தது. இருந்தாலும் யார் என்று நன்றாகத் தெரிந்தது. அதுதான் பிரச்சினை.

"இறக்கு சித்தி. இப்பவே இறக்கு."

"கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்குதுடி. கையால வராது."

"அப்பா பாத்தாருன்னா என்ன ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"பாக்கட்டும். பாக்கத்தான கட்டியிருக்கன்."

"என்னையும் வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுவாரு சித்தி. உனக்கு அது புரியுதா இல்லையா?"

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போனா இன்னாடி? உன்னையும் சேத்து ஒரு படம் பண்ணிடறன்."

அந்த ஸ்டூலை எடுத்து என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா? நான் பக்கத்து வீட்டில் கட்டிங் பிளேயர் கேட்டு ஓடினேன். கொண்டுவந்து மரத்தடியில் நின்றால், கம்பி எனக்கு எட்டவில்லை. ஸ்டூலில் சித்தி உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். "எந்திரி." "கால் வலிக்குதுடி." அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது.

வேன் முனையில் நின்றது. அங்கிருந்து வீடு வரை நடத்திக் கூட்டிப்போவதுதான் முறை. அப்பா இறங்கினார். கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. செக்ஷன்காரர்கள் சுற்றி நின்று பட்டாசு வைத்தார்கள். கட்டிங் பிளேயரைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். அப்பாவோடு பல வருஷம் வேலை பார்த்த ஒருவர் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தார்.

"இது யாருண்ணே பக்கத்துல? பையனா? கல்யாணம் ஆனத சொல்லவே இல்லையே. பேரப்புள்ள வேற இருக்கு போல."

மேளக்காரர்கள் எதற்கோ நிறுத்தியிருந்தார்கள். அப்பா நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா," என்றார்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர் எந்தக் கேள்விக்கு ஆமாம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. மேளம் மறுபடியும் தொடங்கியது.

வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு நடந்தது. அப்பா சித்தியிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நான் போனால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். முடிந்தது, என்னையும் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சித்தியோடு நானும் பேச்சை நிறுத்தினேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தினமும் போனில் ஏதாவது படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

ரிட்டயர்மென்ட் பேனர்கள் இந்த ஊரில் ஒரு வாரம் தாங்காது. ஒன்று ஸ்கூட்டருக்கு மேல் போர்வையாகும், ஒன்று கோழிக்கூண்டுக்குக் கூரையாகும். நான் செய்த பேனரை யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள். சித்தி கட்டியது மட்டும் கம்பி முறுக்கின் புண்ணியத்தில் அங்கேயே நின்றது. ஒருநாள் காலை பார்த்தால் அதுவும் இல்லை. சித்தி போன் செய்து, "நீதான அவுத்த?" என்றாள். "நான் எதுக்கு அவுக்கறேன், நீ எங்கயாவது எடுத்துட்டுப் போய் மாட்டியிருப்ப" என்றேன். அரை மணி நேரம் சண்டை.

மத்தியானம் அப்பா கடைக்கு வந்தார். சைக்கிள் கேரியரில் அந்தப் பேனர், சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அப்பா என் கடைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் வாசலோடு நின்று சாவி கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு உள்ளே வந்து, தரையில் பேனரை விரித்தார். இடம் போதாமல் பாதி மேசைக்கு அடியில் போனது.

"இத உன் கம்ப்யூட்டர்ல சரி பண்ண முடியுமா?"

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எடுத்துடலாம்பா. எடுத்ததே தெரியாம எடுத்துடலாம்."

"எத?"

"தம்பிய. அவங்க மூணு பேரையும்."

"யாரு எடுக்கச் சொன்னா?" என்றார் எரிச்சலோடு. குனிந்து தம்பியின் இடுப்புக்குக் கீழே விரலை வைத்தார். "இவன் கால் எங்க?"

பார்த்தேன். நாங்கள் எல்லோரும் முழுசாக நிற்கிறோம். வீடியோ காலில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லாததால், சித்தி அங்கே ஒரு கூடை ரோஜாப்பூவைக் கொட்டி மூடியிருந்தாள். மூன்று பேரும் பூவிலிருந்து முளைத்த மாதிரி இருந்தார்கள்.

"செத்தவனுக்கு அஞ்சலி போஸ்டர்ல போடுற மாதிரி போட்டு வச்சிருக்கா," என்றார் அப்பா. "உசுரோட இருக்கற புள்ள. தெனம் வாக்கிங் போறப்ப இந்தப் பேனரப் பாக்கறேன். வயிறு எரியுது. இதப் போயா நடுத்தெருவுல கட்டி வப்பா?"

நான் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? யோசிக்காமல் சொன்னேன்.

"அந்தப் போட்டோவுல கால் இல்லப்பா. இல்லாதத கம்ப்யூட்டர்லயும் கொண்டுவர முடியாது. வேணும்னா வேற யாரோட காலையாவது எடுத்து ஒட்டலாம்."

"ஏன், அவனுக்குக் கால் இல்லையா?"

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்க்காமல் பேனரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"முழுசா ஒண்ணு எடு. மூணு பேரையும் வரச் சொல்லு. நீயே எடு, உங்க சித்தி கையில மட்டும் குடுத்துடாத."

"எப்ப வரச் சொல்லட்டும்?"

"எப்பன்னா? இப்பக் கூப்புடு."

கூப்பிட்டேன். தம்பி வேறு ஒரு அழைப்பில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அப்பாவுக்கும் கேட்டது. மறுபடியும் போட்டேன். அதே பதில்.

"யார்கிட்ட பேசறான் இவ்ளோ நேரம்?"

"வேற யாரு? சித்திதான். அவ பிடிச்சா லேசுல வைக்க மாட்டாப்பா. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பேசிட்டுச் சொல்றேன்."

அப்பா ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பேனரை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"பேசி முடிக்கட்டும்," என்றார். "நான் இருக்கேன்."